வீட்டு நாய்க்கு வீட்டில் தயாரிக்கும் உணவு: சட்டமும் சமையலும்

ஊரில் முற்றத்து நாய்க்கெனத் தனியாக உலை வைத்தவர் அரிது. வீட்டார் உண்ட சோற்றின் மீதியும் மீன் குழம்பின் அடிச்சட்டியும் அதற்குப் போதும் எனக் கருதப்பட்டது. அந்த நாயும் ஊரெல்லாம் திரிந்து, தனக்கு வேண்டிய ஏனையவற்றைத் தானே தேடிக்கொண்டது. இலண்டனில் தொடர்மாடி வீட்டில் வாழும் நாய்க்கு அவ்வாய்ப்பு இல்லை. நாம் கொடுப்பதை மட்டுமே அது உண்கிறது. ஆகவே அதன் உணவுக்கு முழுப் பொறுப்பும் நம்முடையதே. இந்நாட்டுச் சட்டமும் அவ்வாறே கூறுகிறது.

சட்டம் கூறுவது என்ன?

2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், 9ஆம் பிரிவில், விலங்கொன்றுக்குப் பொறுப்பாக உள்ளவர் அதன் தேவைகளை நிறைவுசெய்ய நியாயமான நடவடிக்கைகளை எடுக்க வேண்டும் என விதிக்கிறது. அங்கு கூறப்பட்டுள்ள ஐந்து தேவைகளுள் பொருத்தமான உணவும் ஒன்று. கடை உணவையே கொடுக்க வேண்டும் என்று சட்டம் கூறவில்லை. வீட்டில் சமைத்துக் கொடுப்பது குற்றமுமன்று. கொடுக்கும் உணவு அந்த நாய்க்குப் பொருத்தமானதா என்பதே கேள்வி.

இங்கு இரண்டு விடயங்களைக் கவனத்திற் கொள்க. முதலாவது, 16 வயதுக்குட்பட்ட பிள்ளை நாய் வளர்த்தால், அப்பிள்ளையைப் பராமரிக்கும் பெரியவரும் நாய்க்குப் பொறுப்பானவராகவே கருதப்படுவார். "நாய் மகளுடையது" என்ற விடை போதாது. இரண்டாவது, விலங்குக்குத் தேவையற்ற துன்பம் விளைவித்தல் 4ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாகும். தம் செயல் துன்பம் தரும் என்பதை ஒருவர் அறிந்திருந்தாரா என்பது மட்டுமல்ல, நியாயமாக அறிந்திருக்க வேண்டியவரா என்பதும் ஆராயப்படும். இக்குற்றத்துக்கான உச்சத் தண்டனை 2021 யூன் 29 முதல் ஐந்தாண்டுச் சிறையாக உயர்த்தப்பட்டுள்ளது. அன்புடன் கொடுத்த ஒரு பிடி சோற்றுக்காக எவரும் சிறை செல்லப் போவதில்லை. ஆனால் நாய் நோயுற்றது தெரிந்தும் வைத்தியரிடம் கொண்டு செல்லாதிருப்பது வேறு விடயம்.

நமது சமையலறையில் உள்ள நஞ்சுகள்

நமக்கு மருந்தாகவும் சுவையாகவும் உள்ள சில பொருட்கள் நாய்க்கு நஞ்சாகும்.

வெங்காயம், பூண்டு, லீக்ஸ்: இவை நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைத்துக் குருதிச்சோகையை உண்டாக்கும். வேகவைத்தாலும் வதக்கினாலும் நஞ்சு நீங்காது. பாதிப்பு சில நாட்கள் கழித்தே வெளிப்படக்கூடும். கறியில் வெந்த இறைச்சியைக் கழுவிக் கொடுத்தாலும் குழம்பில் ஊறியது அதனுள்ளேயே இருக்கும்.

திராட்சை, உலர்ந்த திராட்சை: பாயசத்திலும் கேசரியிலும் கேக்கிலும் நாம் இடும் பிளம்ஸ் இதுவே. இது சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். எவ்வளவு உண்டால் பாதிப்பு என்பது நாய்க்கு நாய் வேறுபடும். எனவே பாதுகாப்பான அளவு என ஒன்றில்லை.

புளி: திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலமே மேற்கூறிய பாதிப்புக்குக் காரணமாகலாம் என அமெரிக்க மிருக வைத்தியர்கள் 2021இல் சுட்டிக்காட்டினர். அதே அமிலம் புளியில் மிகுதியாக உண்டு. புளியை உண்ட நாய்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டமை 2022இல் வெளியான ஆய்வறிக்கையில் பதிவாகியுள்ளது. இரசம், சாம்பார், புளிக்குழம்பு ஆகியவற்றை நாய்க்கு ஊற்றாதீர்கள்.

சொக்லேட்: கருமை கூடக் கூட நஞ்சும் கூடும்.

சைலிட்டோல்: சீனிக்குப் பதிலாகச் சேர்க்கப்படும் இனிப்பூட்டி. பொதியில் ஈ 967 என்றும் குறிக்கப்படலாம். சில வகை நிலக்கடலை வெண்ணெயிலும் சூயிங்கத்திலும் உண்டு. நாயின் குருதியில் சீனியின் அளவை விரைவாகக் குறைத்து, ஈரலையும் தாக்கும்.

சமைத்த எலும்பு: வெந்த எலும்பு கூரிய சிராய்களாக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும்.

இவற்றுடன் மிகுந்த கொழுப்பும் உப்பும் ஆகா. கொழுப்பு மிகுந்த உணவு கணையத்தில் அழற்சியை ஏற்படுத்தலாம்.

சோறும் கோழியும் மட்டும் போதுமா?

போதாது. வயிற்றுப்போக்கு உள்ள நாய்க்கு உப்பும் மசாலாவும் இன்றி அவித்த கோழியும் சோறும் கொடுக்குமாறு வைத்தியர் கூறுவதுண்டு. அது சில நாட்களுக்குரிய பத்தியமே. எலும்பு நீக்கிய இறைச்சியில் பொசுபரசு அதிகம், கல்சியமோ மிகக் குறைவு. மாதக்கணக்கில் அதனையே உண்ணும் நாயின் உடல் தன் எலும்பிலிருந்தே கல்சியத்தை எடுக்கத் தொடங்கும். வளரும் குட்டியின் எலும்புகள் வளைந்தும் முறிந்தும் போகலாம்.

அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல், புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்து திரட்டிய 200 சமையற்குறிப்புகளை ஆராய்ந்தனர். அவற்றுள் 95 சதவீதமானவற்றில் அவசியமான ஊட்டச்சத்து ஒன்றேனும் குறைவாக இருந்தது. ஆகவே, முழு உணவையும் வீட்டிலேயே சமைக்க விரும்புவோர் மிருக வைத்தியரின் ஆலோசனையுடன் வகுத்த குறிப்பையே பின்பற்ற வேண்டும். சைவ உணவு மட்டும் உண்ணும் குடும்பத்தினருக்கு இது இன்னும் முக்கியமானது.

கடையில் வாங்கும் பொதியில் 'கம்ப்ளீட்' என்றிருந்தால் அது தனித்தே போதுமான உணவு. 'கொம்பிளிமென்டரி' என்றிருந்தால் அது துணை உணவு மட்டுமே. வீட்டில் சுடும் பிஸ்கட்டும் துணை உணவே. நாளொன்றின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் துணை உணவுகள் தாண்டலாகாது.

ஓர் எளிய பிஸ்கட்

நாய் பிஸ்கட்டுக்கும் இலண்டனுக்கும் பழைய உறவு உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்து இடிதாங்கி விற்ற ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்பவர், 1860களில் இந்நகரில் கோதுமை, மரக்கறி, இறைச்சி சேர்த்து நாய்களுக்கான கேக்குகளைத் தயாரித்து விற்றார். அவர் தொடங்கிய நிறுவனத்தின் தொழிற்சாலைக் கட்டடம் பொப்லரில் கால்வாயோரமாக இன்றும் நிற்கிறது.

வீட்டில் செய்வதற்கு ஆட்டா மா 200 கிராம், அவித்து மசித்த பூசணிக்காய் அல்லது வற்றாளங்கிழங்கு 150 கிராம், முட்டை ஒன்று போதும். உப்பு, சீனி, மசாலா எதுவும் வேண்டாம். பிசைந்து, மா கையில் ஒட்டினால் இன்னும் சிறிது ஆட்டா சேர்க்கவும். அரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் தட்டி, நாயின் அளவுக்கேற்பச் சிறு துண்டுகளாக வெட்டி, 180 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 25 முதல் 30 நிமிடங்கள் வரை சுடவும். ஆறிய பின் மூடிய பாத்திரத்தில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஒரு கிழமைக்குள் முடிக்கவும். கோதுமை ஒவ்வாத நாய்க்கு இதைக் கொடுக்க வேண்டாம்.

விற்பனையும் மீதியுணவும்

சொந்த நாய்க்குச் சுடுவதற்கு அனுமதி தேவையில்லை. சந்தையிலோ இணையத்திலோ விற்க எண்ணினால், வீட்டுச் சமையலறையில் தயாரித்தாலும் விதிகள் பொருந்தும். தயாரிப்பைத் தொடங்கும் முன்னரே விலங்கு மற்றும் தாவரச் சுகாதார முகவரகத்தையும் உங்கள் கவுன்சிலின் வர்த்தகத் தராதரப் பிரிவையும் தொடர்புகொள்ளுங்கள்.

நாய்க்குச் சமைத்ததில் மீதியைத் தோட்டத்தில் போடாதீர்கள், எலி சேரும். வளர்க்கும் கோழிக்கும் போடாதீர்கள். வீட்டுச் சமையலறைக் கழிவைக் கோழிக்குக் கொடுப்பது, அது செல்லப்பிராணியாயினும், சட்டத்துக்கு முரணானது.

நாய் ஆகாததை உண்டுவிட்டால்

அறிகுறி தோன்றும் வரை காத்திராமல் உடனே உங்கள் மிருக வைத்தியரை அழையுங்கள். எதை, எவ்வளவு, எத்தனை மணிக்கு உண்டது என்பதையும் நாயின் நிறையையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பொதியைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். அதுவே உயிருக்கு ஆபத்தாகலாம். விலங்கு நஞ்சு ஆலோசனைச் சேவையை 01202 509000 என்ற இலக்கத்தில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் உண்டு. அரச உதவிப்பணம் பெறுவோர், பி.டி.எஸ்.ஏ. அல்லது புளூ குரொஸ் ஆகிய தொண்டு நிறுவனங்களிடம் இலவச அல்லது குறைந்த கட்டணச் சிகிச்சைக்குத் தகுதி பெறக்கூடும். அவசரம் வரும் முன்னரே அதனை விசாரித்து வைத்திருப்பது நன்று.