உங்களுக்குத் தெரியுமா? குடைபோல் மடங்கும் குழந்தை வண்டி

குடைபோல் மடங்கும் குழந்தை வண்டியை 1965-இல் வடிவமைத்தவர் பிரிட்டனின் ஓவன் மெக்லாரன். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் மடங்கும் சக்கர அமைப்பில் பணியாற்றிய பொறியாளர். அவரது அலுமினிய வண்டியின் எடை 3 கிலோவுக்கும் குறைவு!

மடங்கும் மூட்டில்தான் ஆபத்தும் இருக்கிறது. 2009-இல் அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் மெக்லாரன் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. வண்டியின் கீலில் விரல் மாட்டி, 12 குழந்தைகளின் விரல்நுனி துண்டாகியிருந்தது. தீர்வாக வந்தது கீலை மூடும் ஓர் உறை! எனவே வாங்குமுன் கடையிலேயே வண்டியை விரித்து, மடக்கி, கீல் மூடியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது அவசியம்.

தலை நிற்காத பச்சிளம் குழந்தைக்கு, படுக்கைபோல் முழுதாகச் சாயும் இருக்கை வேண்டும். தோள், இடுப்பு, காலிடை மூன்றையும் பிடிக்கும் ஐந்துமுனைப் பட்டையும் முக்கியம்.

கைப்பிடியில் கனமான காய்கறிப் பையை மாட்டினால், குழந்தையைத் தூக்கியதுமே வண்டி பின்பக்கம் குடைசாயும். சில நேரம் குழந்தையோடும்.