இதுவா அதுவா: ஒரு கண்மாயின் உடைமை குறித்து

வீரசோழன் பக்கம் போய் 'இது யாரு கண்மாய்?' என்று கேட்டால் 'நம்ம ஊர்க் கண்மாய்தான்' என்பார்கள். பதிவேட்டுக்கு இந்தப் பதில் போதாது. தமிழ்நாட்டில் 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையைச் (2021 வரை பொதுப்பணித் துறை) சேரும். குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தைச் சேரும். இரண்டுக்கும் உரியதாக ஒரு கண்மாய் இருக்க முடியாது. எதற்கும் உரியதல்லாமலும் இருக்கக் கூடாது.

நண்பர் ஒருவர் கண்மாய்க் கணக்குக்காக ஜாங்கோவில் ஒரு செயலி எழுதியபோது இந்த 'அல்லது'தான் எங்களைப் படுத்தியது. கண்மாய் அட்டவணையில் இரண்டு 'ஃபாரின் கீ' பத்திகள் வைத்தோம். ஒன்று துறையின் பிரிவைச் சுட்டும், மற்றது ஒன்றியத்தை. பொருந்தாதது காலி. ஆக, சாத்தியங்கள் நான்கு. அதில் இரண்டு பொய். 'இரண்டையும் நிரப்பாதே' என்று படிவத்தில் மட்டும் ஒரு சோதனை வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தோம். பழைய பட்டியலை நேராக ஏற்றினபோது படிவத்தை யார் பார்த்தா? சில கண்மாய்கள் யாருக்கும் உரியதல்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டன. துறைவாரியாக எடுத்த எந்தப் பட்டியலிலும் அவை தலைகாட்டவில்லை.

இன்னொரு வழி உண்டு, பாலிமார்ஃபிக் உறவு: ஒரு பத்தியில் வகை, மற்றதில் எண். தமிழ் படித்தவனுக்கு இது விரவுப்பெயர். சாத்தன் ஆளாகவும் இருக்கலாம், காளையாகவும் இருக்கலாம். வினைமுற்றின் விகுதிதான் திணையைச் சொல்லும். வகைப் பத்தி அந்த விகுதி. அழகுதான். ஆனால் அந்த எண் எந்த அட்டவணையைச் சுட்டுகிறது என்று தரவுத்தளம் அறியாது. சுட்டப்பட்டது இருக்கிறதா, அழிந்துவிட்டதா என்று அது காவல் காக்காது.

ஆகவே இரண்டு பத்திகளுக்கே திரும்பினோம். 'இரண்டில் ஒன்று, ஒன்றே ஒன்று நிரம்பியிருக்க வேண்டும்' என்ற செக் கட்டுப்பாட்டைத் தரவுத்தளத்திலேயே போட்டோம். 2019இல் வந்த ஜாங்கோ 2.2 முதல் இதை மாடலுக்குள்ளேயே எழுதலாம். போட்டதும் தரவுத்தளம் மறுத்தது: அந்த அநாதைக் கண்மாய்கள் இருக்கும்வரை ஏற்காதாம். ஒவ்வொன்றின் ஆயக்கட்டையும் தேடி நிரப்பின பிறகே ஏற்றது.

இருமை எதிர்வு என்றாலே கட்டுடைக்கத் தோன்றும் கூட்டம் நாம். ஆனால் மழை நாளில் மடை உடைந்தால் மனுவை எந்த மேசையில் கொடுப்பது என்பதற்கு ஒரு பதில்தான் வேண்டும். 'நம்ம ஊர்க் கண்மாய்' என்ற மூன்றாவது பதிலுக்கு எங்கள் அட்டவணையில் பத்தி இல்லை. அந்தக் குறையை எந்தக் கட்டுப்பாடும் எடுத்துச் சொல்லாது, நாம்தான் சொல்லணும்.