முதல் வாடகை வீடு: சாவி வாங்குமுன் ஒப்பந்தத்தைப் படியுங்கள்

சித்தியவான் – கல்லூரிப் படிப்பு முடிந்து வேலைக் கடிதமும் கைக்கு வந்துவிட்டால், சித்தியவான், ஆயர் தாவார், லுமுட் வட்டாரப் பிள்ளைகள் பலருக்கு அடுத்த வேலை பேருந்து ஏறுவதுதான். மஞ்சோங் மாவட்டத்தில் கடற்படைத் தளமும் மின் நிலையமும் உண்டு. ஆனால் கணக்கியல், கணினி போன்ற துறைகளில் படித்தவர்கள் பெரும்பாலும் ஈப்போவையோ கோலாலம்பூரையோதான் நாட வேண்டியிருக்கிறது. தலைநகரம் 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. சித்தியவானுக்கு ரயிலும் இல்லை. தினமும் போய்வர முடியாது என்பதால் அங்கே வீடு பார்த்தே ஆகவேண்டும்.

பெற்றோர் சமையலுக்குச் சட்டி பானை கட்டித் தருவார்கள். பூசைக்குச் சாமி படமும் தருவார்கள். ஆனால் வாடகை ஒப்பந்தத்தை எப்படிப் படிப்பது என்று சொல்லித்தரப் பல வீடுகளில் ஆள் இல்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

வேலையோடு வந்த வீடு

தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறைக்கு வீடு வேலையோடு சேர்ந்து வந்தது. பால்மரம் வெட்டினாலும் செம்பனைக் குலை அறுத்தாலும், லயத்து வீட்டை நிர்வாகமே கொடுத்தது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 1950களின் பிற்பகுதியில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, வேலையும் கூரையும் ஒரே நாளில் கைவிட்டுப் போகும் நிலை எவ்வளவு கொடியது என்பதை நம் சமூகம் நேரில் கண்டது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அந்தச் சூழலில்தான்.

ஆகவே, நகரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் கையெழுத்திடும் பட்டதாரி, பல குடும்பங்களில், தம் பெயரில் வாடகை ஒப்பந்தம் வைத்திருக்கும் முதல் ஆளாக இருக்கக்கூடும். அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்பதை அவர் அறிந்திருப்பது முக்கியம்.

கைக்காசு எவ்வளவு வேண்டும்?

மாதம் 1,200 வெள்ளி வாடகையுள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக உரிமையாளர் கேட்பது முதல் மாத வாடகை 1,200 வெள்ளி, இரண்டு மாதப் பாதுகாப்பு முன்பணம் 2,400 வெள்ளி, மின்சாரம் தண்ணீருக்கு அரை மாத முன்பணம் 600 வெள்ளி. மொத்தம் 4,200 வெள்ளி.

2,500 வெள்ளி சம்பளத்தில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 275 வெள்ளி போய்விடும். சொக்சோ பிடித்தமும் போக, கைக்கு வருவது சுமார் 2,200 வெள்ளி. ஆக, வீட்டுக்குள் நுழையவே ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம் வேண்டும். மூன்று நண்பர்கள் சேர்ந்தால் தலைக்கு 1,400 வெள்ளி. முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் வீடு கிடைத்தால், மாதம் 50 வெள்ளி 'மை50' பயண அட்டையில் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேப்பிட் கேஎல் பேருந்து எல்லாவற்றிலும் போய்வரலாம். வாடகை சற்றுக் கூடினாலும், மோட்டார் தவணையும் பெட்ரோலும் மிச்சமாகலாம்.

பணம் கொடுக்குமுன்

வீட்டைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். முகவர் என்று சொல்பவர் பதிவு பெற்றவரா, அவருடைய நிறுவனம் எது என்று கேளுங்கள். முன்பதிவுப் பணத்தை நிறுவனத்தின் கணக்கில் கட்டுங்கள். தனிநபர் கணக்கு எண்ணைக் கொடுத்தால், அதை முதலில் போலீசின் 'செமாக் மியூல்' இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்த உடனே அழைக்க வேண்டிய எண் 997, தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையம்.

அடுக்குமாடிக்கே உரிய ஒரு கேள்வியும் உண்டு. பராமரிப்புக் கட்டணத்தை நிர்வாகத்துக்குச் செலுத்த வேண்டியவர் வீட்டு உரிமையாளர். அவர் பாக்கி வைத்தால், நிர்வாகம் நுழைவு அட்டையை முடக்கலாம். நீங்கள் வாடகையை ஒழுங்காகக் கட்டியிருந்தும் வாசலில் நிற்க நேரிடும். பாக்கி ஏதும் உண்டா என்று முன்கூட்டியே கேட்பதில் தவறில்லை.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

முதலாவது, இடையில் வெளியேறும் விதி. பல ஒப்பந்தங்களில், ஓராண்டு முடியுமுன் காலி செய்தால் முன்பணம் திரும்பாது. வேலை மாறக்கூடிய வயதில் இது பெரிய சுமை. இரண்டு மாத அறிவிப்புக் கொடுத்து வெளியேறலாம் என்ற விதியைச் சேர்க்கும்படி கையெழுத்திடுமுன் கேட்க வேண்டும்.

இரண்டாவது, கூட்டுப் பொறுப்பு. மூவரும் ஒரே ஒப்பந்தத்தில் முழு வாடகைக்கும் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டிருந்தால், ஒருவர் ஊருக்குத் திரும்பினாலும் அவருடைய பங்கை மற்ற இருவரும் கட்ட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, பழுதுகள். குளிர்சாதனம், குழாய், மின்கம்பி கெட்டால் யார் செலவு என்பது எழுத்தில் இருக்கட்டும். குடிபோகும் நாளில் சுவர்க் கறை, உடைந்த கதவு, மின்மீட்டர் எண் எல்லாவற்றையும் படமெடுத்து, அன்றே உரிமையாளருக்குப் புலனத்தில் அனுப்பிவிடுங்கள். முன்பணத்தைத் திரும்பக் கேட்கும்போது அந்தப் படங்கள்தான் பேசும்.

நான்காவது, முத்திரைத் தீர்வை. உள்நாட்டு வருமான வரி வாரியத்திடம் முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. 2025 முதல் நடப்பிலுள்ள விகிதப்படி, ஓராண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு, ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் ஒரு வெள்ளி. 1,200 வெள்ளி வீட்டுக்கு 58 வெள்ளி, நகலுக்கு 10 வெள்ளி. இந்தச் சிறுதொகையை மிச்சம் பிடிக்கப்போய் 2,400 வெள்ளியை இழக்க வேண்டாம்.

சட்டம் தரும் துணை

வாடகைக் குடியிருப்புக்கென்று தனிச்சட்டம் கொண்டுவரப்படும் என்று அரசாங்கம் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தாலும், 2025 வரை அது நிறைவேறவில்லை. அதனால் பெரும்பாலானவற்றை ஒப்பந்தமே தீர்மானிக்கிறது. ஆனாலும் ஒரு பாதுகாப்பு உண்டு. 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், பிரிவு 7(2)இன்படி, குடியிருப்பவரை வெளியேற்ற உரிமையாளர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். வாடகை தாமதமானது என்பதற்காகப் பூட்டை மாற்றிப் பொருள்களை வெளியே வீச அவருக்கு அதிகாரம் இல்லை.

முன்பணத்தைக் காரணமின்றித் திருப்பித் தராவிட்டால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறுதொகைக் கோரிக்கை வழக்குத் தொடுக்கலாம். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகைக்கு வழக்கறிஞர் இல்லாமலேயே வாதாடலாம்.

'இந்தியர்களுக்கு இல்லை'

சட்டம் எட்டாத இடம் ஒன்றும் இருக்கிறது. தொலைபேசியில் நல்லபடியாகப் பேசிய உரிமையாளர், பெயரைக் கேட்டதும் 'வீடு போய்விட்டது' என்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. விளம்பரத்திலேயே இந்தியர் வேண்டாம் என்று எழுதுபவர்களும் உண்டு. கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் நீதிமன்றங்கள் அதை அரசாங்கத்தின் செயல்களுக்குப் பொருத்துகின்றன, தனி உரிமையாளரின் முடிவுக்கு அல்ல. வாடகைச் சட்டம் வரும்போது இந்த இடைவெளி அடைபட வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு.

அதுவரை, மூன்று மணி நேரப் பயணம் வீணாகாமல் இருக்க, பெயரையும் வேலையையும் முதல் அழைப்பிலேயே சொல்லி, வீட்டைக் காட்டுவார்களா என்று உறுதி செய்துகொண்டு புறப்படுவது நல்லது. செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், பத்துமலை, ஈப்போவில் புந்தோங் போன்ற இடங்களில் ஏற்கெனவே குடியிருக்கும் ஊர்க்காரர்களிடம் விசாரித்தால் கதவு சீக்கிரம் திறக்கலாம். மறுப்பைக் கேட்டுத் திரும்பும் பிள்ளை தன்னிடம் குறை இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. குறை அந்தப் பிள்ளையிடம் இல்லை என்பதை வீட்டிலிருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

முத்திரையிட்ட ஒப்பந்தத்தின் ஒரு நகலைச் சித்தியவான் வீட்டிலும் கொடுத்து வையுங்கள். வாடகை கட்டிய ரசீதுகளையும் மாதாமாதம் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஏதாவது தகராறு வந்தால், தாத்தா பாட்டியின் கையில் இல்லாத ஒன்று உங்கள் கையில் இருக்கும்.