ஈத்தூண்டிலும் இலையுதிர்காலமும்

மீன்பிடித்தல் என்றவுடன் இலங்கைத் தமிழர் மனக்கண்முன் தோன்றுவன கரைவலையும் தோணியும் களப்பிலே வீசப்படும் வீச்சுவலையுமே. அது வயிற்றுப் பிழைப்புக்கான கடுந்தொழில். இங்கிலாந்தின் தென்பகுதி ஆறுகளிலோ முற்றும் வேறான மீன்பிடிப்பு முறையொன்று வழங்கிவருகின்றது. அதில் வலை இல்லை, புழுவும் இல்லை. சிறிய முள்ளொன்றின்மீது பட்டுநூலாலும் பறவை இறகாலும் கட்டப்பட்ட பொய் ஈயே அங்கு இரையாகும். அதனைக்கொண்டு ட்ரவுட் என்னும் நன்னீர் மீனை ஏமாற்றிப் பிடிப்பதே ஈத்தூண்டிற் கலை.

இக்கலைக்குப் பேர்போனவை ஹாம்ப்ஷயர்ப் பகுதியில் ஓடும் டெஸ்ட், இச்சன் என்னும் இரு ஆறுகள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மழைநீர் சுண்ணாம்புக் கற்படையினுள் இறங்கிக் கிணறுகளிற் சுரப்பதை யாவரும் அறிவர். ஹாம்ப்ஷயரிலும் அவ்வாறே மாரிமழை வெண்சுண்ணப் பாறையினுள் ஊறி, ஊற்றுக்களாக வெளிப்பட்டு ஆறாகின்றது. பாறையால் வடிகட்டப்பட்ட அந்நீர் பளிங்குபோலத் தெளிந்திருக்கும். ஊற்றுவாயில் அதன் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 10 பாகை செல்சியசாகவே இருக்கும். அடியிற் பரற்கற்களும் பச்சைநீர்ப் பூண்டுகளும் நிறைந்திருத்தலால் பூச்சியினங்கள் அங்கே பெருகுகின்றன. பூச்சி உள்ள இடத்தில் ட்ரவுட்டும் உண்டு.

அப்பூச்சிகளுள் மே ஈ எனப்படுவது வியப்புக்குரியது. அது ஆற்றின் அடிச்சேற்றில் ஓராண்டு, ஈராண்டு இளம்பருவமாய் வாழ்ந்து, வேனிற் காலத்தில் மேலெழுந்து சிறகு பெறுகின்றது. சிறகு பெற்றபின் உண்பதற்கேற்ற வாய் அதற்கு இல்லை. ஓரிரு நாட்களுள் கூடி, முட்டையிட்டு, நீர்மேல் வீழ்ந்து மடிகின்றது. வீழும் பூச்சிகளை ட்ரவுட் ஒன்றன்பின் ஒன்றாக உறிஞ்சி உண்ணும். எப்பூச்சி எந்நேரத்தில் எழும், எந்நிறத்தது, எவ்வளவினது என்பவற்றை அறிந்தவனே அதற்கு நிகரான பொய் ஈயைத் தெரிந்தெடுக்க வல்லவன்.

ஈயை எறிவதிலும் ஒரு நுட்பம் உண்டு. இறகாலான ஈக்கு எடை இல்லை; அதனைக் கல்லைப்போல் வீச இயலாது. ஆகவே தூண்டில் நூலே கனமாக அமைக்கப்படுகின்றது. கோல் முன்னும் பின்னும் அசைய, நூல் காற்றிற் சுருள்விரிந்து சென்று, நுனியிலுள்ள ஈயை மெல்ல நீர்மேல் இறக்கும். ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும் இயல்பினது; ஆதலின் தூண்டிற்காரன் அதன் பின்புறமாக, கீழிருந்து மேல்நோக்கி அணுகுவான். நீருள் இருக்கும் மீனுக்கு மேலுலகம் ஒரு வட்டச் சாளரத்தினூடாகவே தெரிகின்றது. சாளரத்திற்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடிபோல ஆற்றின் அடியையே காட்டும். நிமிர்ந்து நிற்பவன் அச்சாளரத்தின் விளிம்பில் தென்பட்டுவிடுவான். குனிந்து முழந்தாளிடுபவன் மறைவான். ஈ நீரோடு ஒத்து மிதக்கவும் வேண்டும். நூல் இழுத்து அதனைச் சற்றே பிறழச் செய்யினும் மீன் ஐயுற்று விலகிவிடும்.

இக்கலையின் விதிகள்பற்றிப் பெரும் பூசலும் நிகழ்ந்ததுண்டு. பிரெடரிக் ஹால்ஃபோர்ட் என்பவர் 1886ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மிதக்கும் ஈக்களைக் கட்டும் முறையை விரிவாக வகுத்தார். நீர்மேல் மிதக்கும் ஈயைக்கொண்டு, மேலே வந்து உண்ணும் மீனைப் பிடிப்பதே தகும் என்பது அவர் வழிவந்தோர் கொள்கை. இச்சன் ஆற்றில் நெடுங்காலம் தூண்டிலிட்ட ஸ்கூஸ் என்பவர் 1910ஆம் ஆண்டில் எழுதிய நூலில் அதனை மறுத்தார். மீன் பெரும்பாலும் நீருள்ளே இளம்பூச்சிகளைத்தான் உண்கின்றது. அவ்வாறாயின் நீருள் அமிழும் ஈயை விலக்குவது ஏன் என்று அவர் கேட்டார். இரு சாராரின் வாதமும் மீனின் இயல்பைக் கூர்ந்து நோக்கும் பழக்கத்தை வளர்த்தது.

இலையுதிர்காலம் வந்ததும் ஆற்றின் தோற்றம் மாறுகின்றது. கடந்த மாரியில் ஊறிய நீர் குறைந்து, ஓட்டம் மெலிந்திருக்கும். நீர்ப்பூண்டுகள் வாடத் தொடங்கும். மே ஈயின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. மாலையில் எழும் சிற்றீக்களும், புல்வெளியிலிருந்து காற்றால் அடிக்கப்பட்டு நீரில் வீழும் நெடுங்கால் ஈக்களுமே மீனுக்கு உணவாகும். வரவிருக்கும் முட்டையிடும் காலத்துக்காக மீன் ஊக்கத்தோடு இரை தேடும். தூண்டிற்காரனுக்கு அது நல்ல வாய்ப்பு. ஆனால் அவன் கை தாழவேண்டிய வேளையும் அதுவே. அப்போது அகப்படும் பெண் மீனின் வயிற்றிற் சினை முதிர்ந்துகொண்டிருக்கும். அதனாலேயே செப்டெம்பர் இறுதியிலோ ஒக்டோபரிலோ இவ்வாறுகளில் ட்ரவுட் பிடித்தல் நிறுத்தப்படுகின்றது. அதற்கு முன்னரே எதிர்முள் இல்லாத தூண்டிலைக் கையாண்டு, பிடித்த மீனை நீரைவிட்டு எடுக்காமலே விடுவிப்போரும் உளர்.

மாரி தொடங்கியதும் பெண் மீன் தூய பரற்படுகையைத் தெரிந்து, வாலால் அடித்துப் பள்ளம் பறித்து முட்டையிடும். ஆண் மீன் அவற்றைக் கருவுறச் செய்தபின், பரற்கற்களால் அவை மூடப்படும். நீர் 10 பாகையாயின் ஏறக்குறைய 40 நாட்களில் முட்டை பொரிக்கும். 5 பாகையாயின் அதைப்போல் இருமடங்கு காலமாகும். குளிர் மிகுந்தால் முட்டையின் வளர்ச்சி மந்தமாகும் என்பதே இதன் பொருள்.

இவ்வியல்பே ட்ரவுட்டைக் கடல்கடக்கச் செய்தது. 1864ஆம் ஆண்டில் 'நோர்ஃபோக்' என்னும் கப்பலில், பாசியிற் பொதிந்து பனிக்கட்டியில் வைக்கப்பட்ட முட்டைகள் வெப்பவலயத்தைக் கடந்து அவுஸ்திரேலியாவைச் சேர்ந்தன. இச்சன் ஆற்று ட்ரவுட்டின் முட்டைகளும் அவற்றுள் இருந்தன. பின்னர் அவை தாஸ்மேனியாவிற் பொரித்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன் பிரித்தானியர் இலங்கை மலைநாட்டுக்கும் ட்ரவுட்டைக் கொணர்ந்தனர். இங்கே நிலைபெற்றது வட அமெரிக்காவுக்குரிய வானவில் ட்ரவுட் ஆகும். வெம்மையான நீரில் உயிர்வாயு குறைவாதலால், நுவரெலியா, ஹோட்டன் சமவெளி போன்ற உயர்ந்த குளிர்நிலங்களின் ஓடைகளே அதற்கு ஏற்றன. அச்சமவெளிக்கே உரிய சிற்றிறால் இனமொன்றுக்கு இவ்வந்தேறி மீன் ஊறு செய்யுமோ என்ற கவலையும் ஆராய்ச்சியாளரிடையே எழுந்துள்ளது.

அதன் தாயக ஆறுகளுக்கும் இன்று இடர் உண்டு. நிலத்தடி நீரை மிகையாக இறைத்தால் ஊற்று மெலிகின்றது. வயல்களிலிருந்து வரும் வண்டல் பரற்கற்களின் இடைவெளியை அடைத்தால், உள்ளிருக்கும் முட்டை மூச்சின்றி மடிகின்றது. மாரி முழுவதும் தூண்டிற்கோல் உறையுள் உறங்கினும், தெளிந்த நீர் பரலினூடே ஓடாதாயின் அந்த ஓய்வால் மீனினத்துக்குப் பயனில்லை. பொய் ஈ கட்டும் கைத்திறம் ஒருபுறமிருக்க, ஆற்றின் அடியைக் காப்பதும் தூண்டிற்காரன் கடனாகின்றது. இலையுதிர்காலத்தில் அவன் விடுவித்த பெண் மீனின் குஞ்சுகள் அடுத்த வேனிலில் நீந்துமா என்பது அந்தப் பரலையும் ஊற்றையும் பொறுத்ததே.