லயத்து வானொலி – 7
சனிக்கிழமை இரவுக் கச்சேரி

தேயிலைத் தோட்டத்துக்கு இசை புதிதில்லை. அந்தக் காலத்தில் விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்குக் கூப்பிட்டதே தப்பு மேளத்தின் சத்தம்தான். மாசி பிறந்தால் காமன் கூத்து. கொழுந்து மலையிலும் தொட்டிலடியிலும் பாடப்பட்ட பாட்டுகளை சி.வி. வேலுப்பிள்ளை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று நூலாகவே தொகுத்துத் தந்தார். ஆனால் கச்சேரி கேட்க இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் சபா ஏது? அந்தக் குறையைத் தீர்த்தது ரேடியோ.

மின்சாரம் எட்டாத லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பேட்டரியில் ஓடிய பெட்டி அது. ஒரு காம்பராவில் திருகினால் பக்கத்துக் காம்பராக்களுக்கும் கேட்கும்.

திருச்சி வானொலி பகலில் பிடிபடாது, இரவில் தெளிவாக வரும். வானத்தின் உயரத்தில் வெயிலால் உருவாகும் ஒரு மின்படலம் பகலெல்லாம் மத்திய அலையை விழுங்கிவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் அது கலைந்துபோகும். அதன்பின் இன்னும் மேலே உள்ள அடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகள் கடல் தாண்டி மலைக்கும் வந்து சேரும். அகில இந்திய வானொலியின் தேசிய இசை நிகழ்ச்சி 1952 ஜூலை 20-இல் தொடங்கியது. அது ஒலித்ததோ சனிக்கிழமை இரவுகளில்! பெரிய வித்வான்களின் ஆலாபனைக்கு வானமே வழிவிட்டது.

சாஸ்திரிய இசை மலையேற இன்னொரு பாதையும் இருந்தது. அதே 1952-இல் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டை வானொலியிலிருந்து ஒதுக்கினார். 1950-இல் வர்த்தக சேவையைத் தொடங்கியிருந்த இலங்கை வானொலியோ அதை அள்ளி வழங்கியது. 1962-இல் ‘கொஞ்சும் சலங்கை’ படம் வந்தது. காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தோடு எஸ். ஜானகியின் குரல் மல்லுக்கு நின்ற பாட்டு ஆபேரி ராகம். ராகத்தின் பெயர் தெரியாதவர்கள் காதிலும் ஆபேரி ஊறியது.

பிறகு இளையராஜா வந்தார். 1958-இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தொழிலாளர்கள் நடுவே பாடி வாக்குக் கேட்டவர் அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன். அந்த அண்ணனின் குழுவில் பாடி வளர்ந்த தம்பி, 1986-இல் ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பைத் தியாகராஜருக்கும் ஐரோப்பிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கினார். வி.எஸ். நரசிம்மனின் வயலின் ஒரு ராகத்தைப் பிடிக்கிறது. ஒரு வாத்தியம் தொடங்கிய மெட்டை அடுத்த வாத்தியம் சற்றுப் பிந்தி எடுத்துக்கொள்கிறது. முந்தையது நிற்காமல் வேறு வழியில் ஓடுகிறது. ஃபியூக் என்னும் இந்த ஐரோப்பிய வடிவம் வாய்ப்பாட்டோ விளக்கமோ இல்லாமல் தமிழ்க் காதுக்குள் நுழைந்தது இப்படித்தான். 2025 மார்ச் 8-இல் அவருடைய ‘வேலியன்ட்’ சிம்பொனி லண்டனில் அரங்கேறியது.

மலையகத்து இசை என்றால் நாட்டார் பாட்டோடு கணக்கை முடித்துவிடுகிறவர்கள் இன்றும் உண்டு. அது பாதிக் கணக்கு. தப்பின் தாளத்தை உடம்பில் வைத்துக்கொண்டே திருச்சியின் ஆலாபனையையும் கொழும்பின் ஆபேரியையும் கேட்ட காதுகள் அவை. மலையக இசை வரலாற்றை எழுதும்போது பாடியவர்களோடு கேட்டவர்களையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

(அடுத்த வாரம்: 1952-இல் இலங்கை வானொலிக் கலைஞர்களைத் தேர்வு செய்ய இந்தியாவிலிருந்து வந்தார் இந்துஸ்தானி இசை அறிஞர் ரத்தன்ஜங்கர். அவர் முன் பாட மறுத்தார் சிங்களப் பாடகர் சுனில் சாந்த. ஏன்?)