கஞ்சாச் செடி: நிலம் வைத்திருப்போர் அறிய வேண்டியவை

ஜெர்மனியில் 1-4-2024 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், 18 வயது நிறைந்தவர் தம் வீட்டில் மூன்று கஞ்சாச் செடிகள் வரை வளர்க்க அனுமதித்தது. அதுவும் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. விளைந்ததைப் பிறருக்கு விற்கவோ இலவசமாகக் கொடுக்கவோ கூடாது. சிறுவர் கைக்கு எட்டாதபடி பாதுகாக்கவும் வேண்டும். ஆகவே, அங்கும் அது விவசாயியின் பணப்பயிர் அல்ல.

நம் நாட்டுச் சட்டம் வேறு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, அனுமதியின்றிக் கஞ்சா பயிரிட்டால் 10 ஆண்டுகள் வரை கடுங்காவலும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். சொந்த உபயோகத்துக்கு என்றாலும், ஒரே செடி என்றாலும் விலக்கு இல்லை. கரும்பு, துவரை நடுவே மறைத்து நட்டாலும் குற்றமே.

தம் நிலத்தில் பிறர் இச்செடியை வளர்ப்பதை அறிந்தால், நிலம் வைத்திருப்பவர் உடனே காவல் துறைக்குத் தகவல் தர வேண்டும். தெரிந்தும் சொல்லாதிருப்பது தண்டனைக்குரியது. விரல்களை விரித்தாற்போல் பிரிந்த, ரம்பப்பல் விளிம்புள்ள இலைகளும், காட்டமான வாசனையும் இதன் அடையாளம். களையெடுக்கும்போது தொலைவிலுள்ள வயலையும் வரப்போரம் வரை நன்கு சுற்றிப் பார்ப்பது நலம்.