அதே 90 மில்லிமீட்டர்

காஞ்சிபுரம் அருகே முசரவாக்கம் பக்கம் ‘டப டப’ என்று ராயல் என்ஃபீல்டு புல்லட் போனால் தலை திருப்பாதவர்கள் குறைவு. காற்றிலேயே குளிர்ந்துகொள்ளும் அந்தப் பழைய 350 எஞ்சினின் உண்மையான கொள்ளளவு 346 சிசி. சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90.

புல்லட் 500 வந்தபோது அந்த 90 மாறவில்லை. விட்டம் மட்டும் 84 ஆனது, கொள்ளளவு 499. ராயல் என்ஃபீல்டு காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடத்தில் ஆலை திறந்த 2013-இல் வந்த கான்டினென்டல் ஜிடியில் விட்டம் 87. வெறும் மூன்று மில்லிமீட்டர்தான், ஆனால் 535 சிசி! விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கொள்ளளவு கூடும் என்ற பள்ளிக்கூடக் கணக்குதான் இது.

ஜெர்மனியின் போர்ஷே 911 காரும் பெரும்பாலும் இதே வழியில்தான் வளர்ந்தது, பிஸ்டன் தூரமும் கொஞ்சம் கூடியது. 1960-களில் 2 லிட்டர், 1973 கரேரா ஆர்எஸ்ஸில் 2.7.

அப்படியானால் லேத் பட்டறையில் நாமே சிலிண்டரைக் குடைந்துவிடலாமா? தேய்மானத்துக்குக் கொஞ்சம் போரிங் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாற்றுவது வழக்கம்தான். அளவு மீறினால் சுவர் மெலியும். சூடு கூடும், அதை வெளியேற்ற இருப்பதோ சிலிண்டரைச் சுற்றிய அதே பழைய தகடுகள். காஞ்சிபுரத்துச் சித்திரை வெயிலில், கேட்கவே வேண்டாம், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று, ஆர்சி புத்தகத்தில் 346 என்றிருக்க, வண்டிக்குள் வேறு அளவு இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்.